மாரி வெள்ளத்துக்கு 600 பொதி: கணக்குச் சரியா? (இலங்கை கிழக்கு, சம்மாந்துறை, கல்முனைப் பக்கம்)

சம்மாந்துறைத்தம்பி | ஒக்டோபர் 9, இரவு 9.10

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கட மஹல்லா (பள்ளிவாசல் ஊர்ப்பகுதி) நிவாரணக் குழு இந்த மாரிக்கு முன்கூட்டியே உலர் உணவுப் பொதி கட்டி வைக்க யோசிக்குது. பள்ளக் காணிப் பக்கம் 600 வீடு. வீட்டுக்கு ஒன்று, ஒரு கிழமைக்கு. இப்போதைய பட்டியல்: அரிசி 5 கிலோ, பருப்பு 1 கிலோ, சீனி 1 கிலோ, பால்மா 400 கிராம், டின்மீன் 1, சோயாமீட் 1, தேயிலை 100 கிராம், சவர்க்காரம் 2. பள்ளிவாசல் மேல்மாடியில் அடுக்கலாம் என்று முடிவு.

கேள்வி மூன்று. பட்டியல் போதுமா? ஸகாத் (கட்டாயத் தருமம்) காசையும் இதில் சேர்க்கலாமா? தண்ணீர் வடிந்ததும் கிணறு இறைக்க 2 அங்குலப் பம்ப் ஒன்று வாங்கச் சொல்றாங்க, தேவையா?

---

தராசுக்காரன் | ஒக்டோபர் 9, இரவு 10.32

வஅலைக்கும் ஸலாம் தம்பி. முதல்ல "600 பொதி" என்ற கணக்கை விடு. பொதியை எண்ணினால் தருபவருக்குத்தான் விளங்கும். சாப்பிடுறவருக்கு ஆள்நாள்தான் கணக்கு: எத்தனை பேர், எத்தனை நாள்.

5 பேர் குடும்பம், 7 நாள் என்றால் 35 ஆள்நாள். 5 கிலோ அரிசியை 35 ஆகப் பிரி: ஆளுக்கு 143 கிராம், ஒரு சுண்டும் நிறையாது. பருப்பு, சீனி, பால்மா எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் ஆளுக்கு நாளைக்கு 800 கலோரிதான் வரும். நிவாரணத்தில் உலகமெங்கும் எடுக்கும் அளவு 2,100. மறுபக்கமாகப் பார்த்தால் உன்ட பொதி முழுக்க ஏறக்குறைய 28,000 கலோரி, அதாவது 13 ஆள்நாள். ஐந்து பேருக்கு இரண்டரை நாள். அதைக் கிழமைப் பொதி என்று பேர் வைத்துக் கொடுத்தால் மூன்றாம் நாள் அந்த வீட்டில் உலை ஏறாது. நீங்களோ ஏழாம் நாள்தான் திரும்பிப் பார்ப்பீங்க.

7 நாளுக்கு, 5 பேருக்கு:

அரிசி 14 கிலோ (ஆளுக்கு 400 கிராம், ரெண்டு சுண்டு)
பருப்பு 2 கிலோ
தேங்காய் எண்ணெய் 1 லீற்றர்
சீனி 1 கிலோ
உப்பு 400 கிராம் பக்கட் 1
டின்மீன் 425 கிராம் 2
மிளகாய்த்தூள் 250 கிராம், மஞ்சள் கொஞ்சம், தேயிலை 200 கிராம்

முதல் நாலிலும் 1,980 கலோரி அளவுக்கு வரும். மீதி டின்மீனிலும் தேங்காயிலும் நிரம்பும். உன்ட பட்டியலில் எண்ணெய் இல்லையே, அதுதான் பெரிய ஓட்டை. ஒரு லீற்றர் எண்ணெய் இரண்டரைக் கிலோ அரிசிக்குக் கிட்டச் சக்தி தரும், தூக்கவும் லேசு.

---

சம்மாந்துறைத்தம்பி | ஒக்டோபர் 9, இரவு 10.50

காக்கா, இது 20 கிலோ வருமே. இருக்கிற காசுக்கு 600 கட்ட ஏலாது.

---

தராசுக்காரன் | ஒக்டோபர் 9, இரவு 11.15

ஏலாட்டி நாளைக் குறை, ஆளுடைய அளவைக் குறைக்காதே. "இது 3 நாளுக்கு" என்று பொதியிலேயே எழுதிக் கொடுத்தால் அந்த வீட்டார் திட்டம் போடுவாங்க. 3 நாள் பொதி: அரிசி 6 கிலோ, பருப்பு 1 கிலோ, எண்ணெய் 500 மில்லி, சீனி 500 கிராம், டின்மீன் 1. ஒன்பது கிலோவுக்குள் நிற்கும்.

7 நாள் பொதி கட்டினால் 10, 10 ஆக ரெண்டு பை. முழங்கால் தண்ணீரில் பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு 20 கிலோ மூட்டையை யார் தூக்குவது?

பொதி கட்டும்போது பிழைக்கிற இடங்கள்:

சவர்க்காரத்தைத் தேயிலை, பிஸ்கட், அரிசியோடு ஒரே பையில் வைக்க வேண்டாம். ரெண்டு கிழமையில் சோறு சவர்க்காரம் மணக்கும். சுகாதாரப் பொருளுக்குத் தனிப் பை.

எண்ணெய் சஷேயாக வேண்டாம், போத்தல். மூடியைச் சுற்றி டேப் அடித்து நிமிர்த்தி வைக்கணும். ஒரு போத்தல் கசிந்தால் கீழ் வரிசை நாலு பொதி போச்சு.

50 கிலோ மூட்டையை உடைத்துப் பொதி கட்டுவதாக இருந்தால் அரிசி காய்ந்திருக்கணும், ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருந்தால் பொலித்தீனுக்குள் வியர்த்துப் புழுங்கும். பத்துப் பொதிக்கு ஒன்றைத் தராசில் போட்டுப் பார். அள்ளிப் போடுற கை களைத்தால் 6 கிலோ 5.6 ஆகும், 600 பொதியில் அது கால் தொன் அரிசி.

மேல்மாடி விசயம் கவனம். வெள்ளத்துக்கு மேல்மாடி நல்லதுதான், ஆனால் தட்டு தாங்கணும். அரிசி ஒரு கன மீற்றர் 750 முதல் 800 கிலோ. நெஞ்சளவு உயரம் அடுக்கினால் சதுர மீற்றருக்கு ஒரு தொன் இறங்கும். வகுப்பறை, மண்டபம் போன்ற தட்டுகள் சாதாரணமாகச் சதுர மீற்றருக்கு 300 முதல் 500 கிலோவுக்குத்தான் கணக்குப் போட்டுக் கட்டியது. முழங்கால் உயரத்துக்கு மேல் அடுக்க வேண்டாம், சுவரோரமும் தூண் பக்கமும் பரத்தி வை, நடுவில் வேண்டாம். பழைய கட்டடம் என்றால் பொறியியலாளர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். அடியில் பலகை, சுவருக்கும் மூட்டைக்கும் இடையில் ஒரு ஆள் நடக்கும் இடைவெளி. எலி வந்தது தெரியவும் அதுதான் வழி.

---

களப்போரம் | ஒக்டோபர் 10, காலை 6.40

வணக்கம் தம்பி. மட்டக்களப்பில் இருந்து எழுதிறன். உலர் பொதி பற்றி அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் முதல் 72 மணி நேரத்துக்கு உலர் பொதியால் பிரயோசனம் குறைவு. விறகு நனைஞ்சு, அடுப்படி தண்ணிக்குள்ள, சனம் பள்ளிக்கூடத்தில. அந்த நேரம் கையில் அரிசியைக் கொடுத்தால் தூக்கிக்கொண்டு அலையிறதுதான். முதல் மூன்று நாள் சமைத்த சாப்பாடு. தண்ணி வடிஞ்சு வீடு திரும்புற அன்றைக்கு உலர் பொதி.

100 பேருக்கு ஒரு நேரம்: அரிசி 15 கிலோ, பருப்பு 3 கிலோ, மரக்கறி 8 முதல் 10 கிலோ. கல்யாணச் சஹன் (பல பேர் கூடிச் சாப்பிடுற தட்டு) கணக்கை இங்க கொண்டுவர வேண்டாம், அது வேற கை.

பருப்பைத் தேங்காய்ப்பால் விடாமல் தாளிச்சு இறக்குங்கோ. பாலூத்தின கறி பார்சலுக்குள்ள சூட்டோட கட்டுப்பட்டால் பின்நேரத்துக்குள்ள புளிச்சிடும். சோற்றைச் சூடாக அமுக்கிக் கட்டுறதும் பிழை. ஆவி போக விட்டுக் கட்டணும், கட்டின நேரத்தைப் பேனையால் மேல எழுதணும், நாலு மணித்தியாலம் தாண்டினால் கொடுக்கக்கூடாது. காலை 7க்குச் சமைத்து 1 மணிக்குப் போய்ச் சேர்ற பார்சல் முகாமில வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும்.

இன்னொன்று. கல்முனை, காரைதீவு, நாவிதன்வெளிப் பக்க முகாம்களில இரண்டு சமூகமும் கலந்துதான் இருக்கும். மழை உச்சம் கார்த்திகையில. சோமவார விரதம் பிடிக்கிறவை இருப்பினம், வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத வீடும் நிறைய. மாட்டிறைச்சி போட்ட சட்டியும் அகப்பையும் மரக்கறிக்கும் போனால் அந்தப் பார்சல் பிரிக்காமலே குப்பைக்குப் போகும். முதல் மூன்று நாள் எல்லாருக்கும் மரக்கறியும் முட்டையும் என்று வையுங்கோ, முட்டையைத் தனியாகச் சுற்றி. செலவு குறைவு, பழுதாகிறதும் குறைவு, விளக்கம் சொல்லவும் தேவையில்லை.

---

நிந்தவூர்த்தாத்தா | ஒக்டோபர் 10, காலை 9.05

600 என்ற எண் எங்கிருந்து வந்தது தம்பி? கிராம உத்தியோகத்தர் பட்டியலா, பள்ளிச் சந்தாப் புத்தகமா? ரெண்டுமே அடுப்பைக் காட்டாது.

நம்ம கரையோரத்தில் பொம்புளப் பிள்ளைக்கு வீடு கொடுக்கிற வழக்கம். ஒரே வளவுக்குள் முன்வீட்டில் மகள் குடும்பம், பின்னால் ஓலைச் சாய்ப்பில் உம்மா வாப்பா, பக்கத்தில் அடுத்த மகளுக்கு அரைகுறைக் கட்டடம். வரி இலக்கம் ஒன்று, அடுப்பு மூன்று. வீட்டைக் கணக்கெடுத்தால் மூன்று குடும்பத்துக்கு ஒரு பொதி, அன்றைக்கே அந்த வளவுக்குள் சண்டை.

தண்ணீர் வர முன்னம், இந்த மாதமே, ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ரெண்டு பேர், அதில் ஒருவர் பொம்புள, போய் அடுப்பை எண்ணுங்க. கேட்க வேண்டியது ஐந்துதான்: இந்த அடுப்பில் எத்தனை பேர் சாப்பிடுறாங்க, ரெண்டு வயசுக்குக் குறைந்த பிள்ளை உண்டா, கர்ப்பிணி உண்டா, நடக்க ஏலாதவர் உண்டா, இத்தாவில் யாரும் இருக்காங்களா.

கடைசிக் கேள்வியை ஆம்புளைகள் மறந்திருவாங்க. மாப்பிள்ளை மௌத்தாகி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறவ வரிசைக்கு வரமாட்டா. வராதவ பேருக்குக் கோடு போட்டு, மிஞ்சின பொதி யாருக்கோ போகும். அந்த வீட்டுக்கு நேரே கொண்டுபோய்க் கொடுக்கணும், பட்டியலில் அடையாளம் வைங்க. வாடகைக்கு இருக்கிறவங்க, சந்தா கட்டாதவங்க, வேற ஊரில் கல்யாணம் முடித்து வந்தவங்க, இவங்க பேரும் பள்ளிப் புத்தகத்தில் இராது.

பால்மா விசயம். தேயிலைக்கு என்றால் ஒரு பக்கட் சரி. ஆனால் "குழந்தைக்குப் பால்" என்று சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். வெள்ளத் தண்ணீரில் கழுவின போத்தலில் கரைத்த மாப்பால் ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பும். உம்மா நல்லாச் சாப்பிட்டால் தாய்ப்பால் வரும், அந்தக் காசை உம்மாவுடைய சாப்பாட்டில் போடுங்க. பால்மாதான் கதி என்ற பிள்ளையை மருத்துவமாதுவிடம் காட்டி அவ சொல்ற மாதிரி செய்ங்க.

பொம்புளைகளுக்கான பையில் சுகாதாரத் துவாய் 2 பக்கட், உள்ளாடை, சவர்க்காரம், டோர்ச் லைட். டோர்ச் ஆடம்பரம் இல்ல, முகாமில் ராவைக்கு மலசலகூடம் போகப் பயந்து தண்ணீரே குடிக்காமல் கிடக்கிறவங்க அதிகம். இந்தப் பையைப் பொம்புளைகள் கட்டி, பொம்புளைகளே கொடுக்கணும், வெளியே தெரியாத நிறப் பையில்.

---

சும்மாஒருவன் | ஒக்டோபர் 10, பகல் 12.20

இவ்வளவு விளக்கம் தேவையா? பொதியைக் கட்டு, லொறியில் ஏத்து, கொடு, படம் எடுத்து அனுப்பு. கட்டார்ல இருக்கிறவன் காசு போடுறது படத்தைப் பார்த்துத்தான். படம் இல்லாட்டி அடுத்த முறை ஒரு சதமும் வராது.

---

கணக்கேடு | ஒக்டோபர் 10, பின்னேரம் 4.45

படம் தேவை, முகம் தேவையில்லை. அடுக்கின பொதி, தராசில் நிற்கிற பொதி, பொருள் வாங்கின பற்றுச்சீட்டு, கையொப்பமிட்ட பட்டியலின் ஒரு பக்கம் (பேரும் அடையாள அட்டை இலக்கமும் மறைத்து). இது நாலும் எந்தத் தருமவானுக்கும் போதும். பொதி வாங்குற கையும் கொடுக்கிற சிரிப்பும் சேர்ந்த படத்தில் கணக்கு எதுவும் இல்லை. அந்தப் பொம்புளட மகளுக்குச் சம்பந்தம் பேசுற நாளில் அந்தப் படம் வட்சப்பில் திரும்பி வரும், அதையும் யோசிங்க.

இப்ப தம்பி கேட்ட ஸகாத் கேள்வி. மூன்று புத்தகம் வைக்கணும், மூன்றும் கலக்கக்கூடாது.

ஒன்று ஸகாத். சூரா தவ்பா 60ஆம் வசனம் சொன்ன எட்டுக் கூட்டத்தாருக்குத்தான். நம்ம பக்கம் ஷாஃபிஈ மத்ஹப் (மார்க்கச் சட்ட வழி): ஸகாத் முஸ்லிம் அல்லாதவருக்குச் சேராது. வெள்ளம் வந்த வீடு எல்லாம் ஸகாத்துக்கு உரிய வீடும் இல்லை, ரெண்டு மாடி வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரும். இன்னொரு சிக்கல், காசாக வந்த ஸகாத்தைக் குழுவே அரிசி பருப்பாக மாற்றிக் கொடுக்கிறது. உரியவர் கையில் அந்தக் காசைச் சொந்தமாக்கிக் கொடுப்பதுதான் மத்ஹபின் அடிப்படை. மாற்றுக் கருத்து வேணும் என்றால் ஊர் உலமாக்களிடம் எழுத்தில் வாங்கிப் புத்தகத்தில் ஒட்டு.

ரெண்டு ஸதகா, அதாவது விரும்பிக் கொடுக்கிற தருமம். யாருக்கும் கொடுக்கலாம். பொதி, சமையல், கிணறு எல்லாம் இதில் இருந்துதான். களப்போரம் அண்ணன் சொன்ன கலப்பு முகாமுக்குப் போற பார்சலில் ஒரு சதம் ஸகாத் இருந்தாலும் கணக்குப் பிழை.

மூன்று, வங்கி வட்டியைக் கழிக்கச் சிலர் தருவாங்க. அதைச் சாப்பாட்டில் போடுவதில்லை. மலசலகூடம், வடிகான், முகாம் துப்புரவு என்று பொதுத் தேவைக்கு உலமாக்கள் அனுமதிக்கும் வழக்கம் உண்டு.

அப்ப ஸகாத் எதுக்கு? தண்ணீர் வடிந்த பிறகுதான் அதற்கு வேலை. வலை அறுந்த மீன்பிடிக்காரர், விதைநெல் அழுகின குத்தகை விவசாயி, தையல் மெசின் நனைந்த பொம்புள, கடன்பட்டவர். பொதி மூன்று நாளில் முடியும், வலை அடுத்த மாரி வரைக்கும் சோறு போடும். நெல் ஸகாத் நம்ம மாவட்டத்தில் பெரிய தொகை: மழையை நம்பின வயலுக்குப் பத்தில் ஒன்று, காசு செலவழித்து நீர் பாய்ச்சினதுக்கு இருபதில் ஒன்று. அது நெல்லாகவே வந்தால் நெல்லாகவே உரியவருக்குக் கொடுக்கலாம்.

வங்கிக் கணக்கு குழுவின் பேரில், ரெண்டு கையொப்பம். தலைவருடைய சொந்தக் கணக்குக்கு வெளிநாட்டுக் காசு எடுப்பது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும், முடிவில் அவரைத்தான் விசாரணைக்குக் கூப்பிடும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம் அமைப்புகளின் காசுக்கு மேல் கண் கூடுதல், தெரிந்ததுதான். பள்ளிக்குள் இயங்கினால் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்துக்குக் கீழ்ப் பள்ளிக் கணக்கோடு பொருந்தணும். தனி அமைப்பு என்றால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை அமைப்புகள் சட்டத்துக்குக் கீழ்ப் பதிவு.

---

சம்மாந்துறைத்தம்பி | ஒக்டோபர் 10, பின்னேரம் 5.20

காக்கா, நோன்பில் மிஞ்சுற ஃபித்ரா (பெருநாள் தருமம்) அரிசியை மாரிக்கு எடுத்து வைக்கலாமா? ஆளுக்கு 2.4 கிலோப்படி வாறது, எப்பவும் கொஞ்சம் மிஞ்சும்.

---

கணக்கேடு | ஒக்டோபர் 10, பின்னேரம் 5.31

வைக்கக்கூடாது. பெருநாளைக்குள் உரியவர் கைக்குப் போய்ச் சேரணும், காரணமில்லாமல் பிற்படுத்துவது ஹராம். மிஞ்சுது என்றால் பட்டியல் குறைவு என்று அர்த்தம், பக்கத்து மஹல்லாவுக்கு அன்றைக்கே அனுப்பு.

---

கிணற்றடி | ஒக்டோபர் 10, இரவு 8.15

பம்ப் கேள்விக்கு வாறன். பம்ப் வாங்குங்க, ஆனால் அவசரப்பட்டு ஓட்டாதீங்க. வெள்ளத்துக்குப் பிறகு நம்ம மணல் நிலத்தில் கிணறு கெடுறது பாதி வெள்ளத்தால், பாதி பம்பால்.

2 அங்குலப் பெற்றோல் பம்ப் நிமிடத்துக்கு 500 லீற்றருக்கு மேல் இழுக்கும். 1.2 மீற்றர் அகலக் கொட்டுக் (கொங்கிரீட் வளையம் இறக்கின) கிணற்றில் 2 மீற்றர் தண்ணீர் இருந்தால் மொத்தமே 2,260 லீற்றர், ஐந்து நிமிடத்துக்குள் அடி தெரியும். வெளியில் நிலத்துக்குள் தண்ணீர் இன்னும் தரைமட்டத்தில் நிற்குது, உள்ளே வெறுமை. வெளி அழுத்தத்தில் கொட்டு வளையம் விலகும், மூட்டு வழியாக மணல் ஓடி வரும், கட்டுச் சரியும். அதனால் வளவில் தண்ணீர் வடிந்து, கிணற்று நீர்மட்டமும் பழைய அளவுக்கு இறங்கின பிறகுதான் இறைப்பு. மெதுவாக, பாதி இறைத்து ஊறவிட்டு, மறுபடி. மிஷினைக் கிணற்றுப் படியில் வைக்க வேண்டாம். கிணற்றுக்குள் ஆள் இறங்கும்போது பெற்றோல் எஞ்சின் புகை கீழே தங்கினால் மூச்சு முட்டி உயிர் போகும். இயந்திரம் நின்ற பிறகுதான் ஆள், அதுவும் இடுப்பில் கயிற்றோடு, மேலே ரெண்டு பேர் பிடித்தபடி.

கடல் ஏறின இடத்துக்கு வேற சட்டம். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் உப்பை எடுக்கிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்தாங்க. மணலுக்குள் நல்ல தண்ணீர் மெல்லிய படலமாக உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்குது. மேல்படலத்தை இறைத்துத் தீர்த்தால் அடியில் இருக்கிற உப்புத்தான் மேலே ஏறும். ஒரு தரம் சேறு எடுக்கிற அளவுக்கு இறைத்து விட்டிருந்தால் போதும், மீதியை மழை கழுவியிருக்கும். ஆற்று வெள்ளத்தில் உப்புப் பிரச்சினை இல்லை, மலக்கிருமிதான் பிரச்சினை.

குளோரின் கணக்கு. ரி.சி.எல் தூளில் (கிணற்றுக்குப் போடுற குளோரின் தூள்) குளோரின் 30 வீதம் என்று வை (பழைய சாக்கு என்றால் பாதியும் இராது, காற்றுப் பட்டால் செத்துப்போகும்).

கிணற்றின் அகலத்தை அகலத்தால் பெருக்கு, 0.785ஆல் பெருக்கு, நீர் ஆழத்தால் பெருக்கு: கன மீற்றர் வரும். கன மீற்றருக்கு 50 கிராம் தூள். மேலே சொன்ன 2.26 கன மீற்றருக்கு 113 கிராம். லீற்றருக்கு 15 மில்லிகிராம் குளோரின் ஆகும்.

தூளை நேரே கொட்டாதே. ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்று. வாளியைக் கயிற்றில் விட்டு மேலும் கீழும் கலக்கு. கொட்டுச் சுவரையும் அதே தண்ணீரால் கழுவு. குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு ராத்திரி விடு. காலையில் மணம் போகும்வரை மெதுவாக இறை. குடிக்கிற நேரம் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் நிற்கணும், பீ.எச்.ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பார்க்கும் பெட்டி இருக்கும்.

கலங்கல் தண்ணீரில் குளோரின் போட்டு வேலையில்லை, சேறே அதைத் தின்றுவிடும். முதல்ல தெளியணும்.

இன்னும் ஒன்று, இதை யாரும் சொல்றதில்லை: கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 15 மீற்றர் இருக்கணும். காத்தான்குடி, சாய்ந்தமருது மாதிரி நெருக்கமான வளவுகளில் அது கனவு. அந்தக் கிணற்றுக்கு இன்றைக்குக் குளோரின் போட்டால் நாளைக்குக் கிருமி திரும்ப ஊறும். அங்கே குடிதண்ணீருக்குக் குழாய் நீர் அல்லது பவுசர், கிணறு கழுவ மட்டும். பவுசரையும் ஆள்நாளில் எண்ணு: ஆளுக்கு நாளைக்கு 15 லீற்றர் என்றால் 5,000 லீற்றர் பவுசர் 333 பேருக்கு ஒரு நாள். 1,000 லீற்றர் டாங்கி 66 பேருக்கு. 600 வீடு, 3,000 பேர் என்றால் நாளைக்கு ஒன்பது பவுசர். ஒரு பவுசரோடு படம் எடுத்துவிட்டு "ஊருக்கே தண்ணீர்" என்று போடுறதை நிறுத்தணும்.

(புதுக் கிணறு தோண்டிப் பேர்ப்பலகை மாட்டக் காசு வந்துகொண்டே இருக்கும். கைப்பம்பின் வாஷர் மாற்றக் காசு கேட்டால் ஒருவரும் இல்லை. குழுவுக்கு உருப்படியான வேலை வேணுமென்றால் இருக்கிற பழுதான பம்புகளை முதல்ல எண்ணுங்க.)

---

களப்போரம் | ஒக்டோபர் 11, காலை 6.15

கொண்டுபோற வழியையும் இப்பவே யோசியுங்கோ. சேனாநாயக்க சமுத்திரத்தில வான்கதவு திறந்தால் சம்மாந்துறை, நாவிதன்வெளி வயல்வெளி கடலாகும். கிட்டங்கிப் பாலம் தண்ணிக்குள்ள போனால் அந்தப் பக்கம் தனித் தீவு. அதனால் எல்லாப் பொதியையும் ஒரு பள்ளியில அடுக்க வேண்டாம். தண்ணி மேவிப் போற தாழ்வீதிக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, நவம்பர் நடுப்பகுதிக்கு முன்னம். அந்தப் பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடமோ கோயில் மண்டபமோதான் மேட்டில இருக்கும் என்றால் அங்கேயே வையுங்கோ, திறப்பு ரெண்டு பேரிடம் இருக்கட்டும். 2006இல் மூதூர்ச் சண்டையில இடம்பெயர்ந்த சனத்துக்கு முஸ்லிம் எய்டும் மெதடிஸ்ட் சபையின் நிவாரண அமைப்பும் சேர்ந்துதான் வேலை செய்தவை. ஒருத்தர் போக ஏலாத இடத்துக்கு மற்றவர் போனார்.

ஓடுற தண்ணியில டிரக்டர் பெரிசுதானே என்று யாரும் நினைக்க வேண்டாம். அரை அடி ஓட்டத்தண்ணி ஆளை விழுத்தும், ரெண்டு அடி வாகனத்தை இழுக்கும். 2024 நவம்பர் 26 மாவடிப்பள்ளியில மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றின உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துப் பிள்ளைகள் பலியானது எல்லாருக்கும் தெரியும். பொதிக்காக ஒரு தொண்டரும் அந்த வீதியில இறங்கக்கூடாது. மறுகரையில முன்னமே பொருள் இருந்தால் இறங்கத் தேவையே வராது. படகு வேணுமென்றால் கடற்படைக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் (117) சொல்லுங்கோ.

---

சுகாதாரப்பக்கம் | ஒக்டோபர் 11, காலை 8.50

சுருக்கமாக. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற தூள்) ஒரு பக்கட்டுக்குக் கொதித்தாறின தண்ணீர் ஒரு லீற்றர், கோப்பையில் கரைக்கக்கூடாது. ஒரு நாளுக்கு மேல் வைக்கவும் கூடாது. வயலுக்கும் சேற்றுக்கும் இறங்குறவங்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் மூலமாகத்தான், குழு வாங்கிப் பகிர வேண்டாம். காலில் புண் இருக்கிற தொண்டர் தண்ணீரில் இறங்காமல் பட்டியல் எழுதட்டும். வீடு திரும்பும்போது அலுமாரி, பாய்ச் சுருளுக்குள் பாம்பு இருக்கும், தடியால் தட்டிவிட்டுக் கை வைக்கணும்.

---

சும்மாஒருவன் | ஒக்டோபர் 11, பகல் 1.05

சரி சரி. பொதியை விடக் காசாகவே கொடுத்தால் இவ்வளவு தொல்லை இல்லையே?

---

தராசுக்காரன் | ஒக்டோபர் 11, பகல் 2.30

கடை திறந்திருந்தால் அதுதான் நல்லது. கல்முனைச் சந்தை இயங்குது, பாதை திறந்திருக்கு என்றால் பொதி கட்டுவது வீண் கூலி. ஊரில் மூன்று கடையோடு இப்பவே பேசி, 10 நாள் செல்லுபடியாகும் சீட்டு அடிங்க. இன்றைய விலையை எழுத்தில் வாங்கணும், வெள்ளத்தில் பருப்பு விலை முதல்ல ஏறும். ஒரே கடை என்றால் அவர் சொன்னதுதான் விலை. பாதை மூடின இடத்துக்குப் பொதி, திறந்த இடத்துக்குச் சீட்டு. ரெண்டையும் ஒரே அடுப்புக்குக் கொடுக்கக்கூடாது, அதற்குத்தான் நிந்தவூர்த் தாத்தா (அக்கா) சொன்ன பட்டியல்.

சீட்டோ டோக்கனோ, தொடர் இலக்கம், நிறத்தாள், ஈரமான முத்திரை மூன்றும் வேணும். வெள்ளைத்தாளில் அடித்தால் அன்று மாலையே போட்டோகொப்பி கிளம்பும். ஒரு மேசைக்கு மணிக்கு 60 பேருக்கு மேல் நகராது. 600 பேரை ஒரே நேரம் கூப்பிடாமல் டோக்கனிலேயே நேரம் எழுது.

---

நிந்தவூர்த்தாத்தா | ஒக்டோபர் 11, பின்னேரம் 6.40

பட்டியலை ஒட்டியும் வைக்கணும். பேரில்லாமல், ஒழுங்கை வாரியாக எத்தனை அடுப்பு, எத்தனை பேர் என்று பள்ளி வாசலிலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும். விடுபட்டவர் சொல்ல மூன்று நாள் கொடுங்க. யாருக்கு என்பதை முன்னம் தீர்க்காமல் கட்டினது என்ன ஆகும் என்பதற்கு அக்கரைப்பற்று நுரைச்சோலை 500 வீடும் சாட்சி. சவூதிக் காசில் சுனாமிக்காகக் கட்டி முடிந்தது, பங்கீட்டில் வழக்கு விழுந்தது, ஆள் ஏறாமல் வருசக்கணக்காகப் பத்தை முளைத்தது. பொதி அதைவிடச் சின்ன விசயம், ஆனாலும் அதே வியாதிதான்.

---

சம்மாந்துறைத்தம்பி | ஒக்டோபர் 24, இரவு 9.40

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ் ஹைர், அண்ணனுக்கு நன்றி. அடுப்பு எண்ணி முடிந்தது. 600 வீடு என்றது 742 அடுப்பு. 3 நாள் பொதி என்று முடிவாகிவிட்டது, பாதி தாழ்வீதிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில். ஸகாத்தைத் தனிப் புத்தகத்துக்கு மாற்றியாச்சு. 742 பொதிக்கு அரிசி 4,452 கிலோ, நாளைக்கு ஓடர் கொடுக்கவா?

---

தராசுக்காரன் | ஒக்டோபர் 24, இரவு 10.05

பொறு. திரும்பவும் பொதியைத்தான் எண்ணியிருக்கிறாய். 742ஐயும் ஐந்தால் பெருக்கியிருக்கிறாய், ஆனால் அடுப்பைப் பிரித்து எண்ணினால் சராசரி ஐந்து நிற்காது. தனியே இருக்கிற மூத்தம்மாவுக்கும் 6 கிலோ, எட்டுப் பேர் வீட்டுக்கும் 6 கிலோவா? பட்டியலில் ஆள் எண்ணிக்கை இருக்குத்தானே, அதைக் கூட்டி 1.2 கிலோவால் பெருக்கு, அதுதான் ஓடர். பையை ரெண்டு அளவாக எடு, உள்ளே அரிசி ஆள் கணக்குப்படியே: மூன்று பேர் வரைக்கும் சின்னது, ஆறு பேர் வரைக்கும் பெரிசு. ஆறுக்கு மேல் என்றால் பெரிசும் சின்னதும். பை நிறம் ரெண்டாக இருக்கட்டும், இருட்டில் கை தடுமாறாது.

---

சம்மாந்துறைத்தம்பி | ஒக்டோபர் 24, இரவு 10.48

கூட்டிப் பார்த்தேன் காக்கா. 2,893 பேர். அரிசி 3,472 கிலோ. ஒரு தொன் மிச்சம்.

---

நிந்தவூர்த்தாத்தா | ஒக்டோபர் 24, இரவு 10.55

அந்த மிச்சக் காசில் எண்ணெய்யும் டோர்ச்சும் வாங்கு.